எழுபத்திரண்டு கிலோ உதிரிப்பாகம்

ரிஷாத் ஒரு படிவத்தில் உண்மையை எழுதிவிட்டார். பிறகு நடந்தது எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். வேறு யாரையும் குறை சொல்ல இடமில்லை என்று சபையே எழுத்தில் கொடுத்திருக்கிறது.

கிண்ணியாவில் வள்ள எஞ்சின் திருத்துகிற ரிஷாத்தை அந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. ஐம்பதை எட்டப்போகிற மனிதர். ஏழு வருடத்து வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களைச் சேர்த்து, வள்ளம் செய்கிற பைபரிலும் ஒரு பழைய கார் எஞ்சினிலும் ஒற்றை ஆள் விமானம் ஒன்றைச் செய்து முடித்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, துறைமுகத்தை ஒருநாள் மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்றார். அதற்கு மேலும் கேட்டவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

தோப்பூர்ப் பக்கத்து வெட்டை வெளியில் அதை நிலத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஒரே ஒரு குறை. வேகம் முப்பது கிலோமீற்றரைத் தொட்டதும் முன்சில்லு இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்தது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சில்லு ஆடுமே, அதே ஆட்டம்தான், ஆனால் இங்கே பல்லெல்லாம் கழன்றுவிடும் போலிருந்தது. காரணம் அவருக்கு உடனே பிடிபட்டது. சில்லைப் பிடித்திருக்கும் கவை ஒரு தண்டில் திரும்புகிறது. தண்டின் தலையில் ஒரு நட். அது இளகியிருந்தால் கவை தன்பாட்டில் திரும்பும், சில்லு ஆடும். மீன் நிறுக்கிற வில்லுத் தராசைக் கவையில் கொளுவிப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார். முள் பத்துக் கிலோவைத் தொட்ட பிறகுதான் கவை அசைய வேண்டும். நாலு கிலோவிலேயே அசைந்தது. நட்டை அரைச் சுற்று இறுக்கினால் போதும், இரண்டு நிமிட வேலை.

நட்டு இறுக்குகிற சாவி வீட்டில் கிடந்தது. மறுநாள் காலையில் பாலம் கடந்து நகரத்துக்குப் போகிற வேலை இருந்தது. பறக்க அனுமதி கேட்கிற படிவத்தையும் அப்படியே கொடுத்துவிட்டு வந்து ஆறுதலாக இறுக்கலாம் என்று நினைத்தார்.

சுயதயாரிப்பு வானூர்திகள் கண்காணிப்புச் சபையின் கிளைக் கந்தோர் துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய களஞ்சியத்தில் ஆறு வருடமாக இயங்கிவந்தது. பதினாலு பேருக்கு வேலை. மாவட்டத்தில் சுயதயாரிப்பு வானூர்தி ஒன்றுகூட இல்லை என்பதை அவர்கள் மாதாமாதம் கண்காணித்து, மூன்று பிரதிகளில் தலைமையகத்துக்கு அறிவித்துவந்தார்கள். ஒரு மாதம்கூட அறிக்கை பிந்தியதில்லை. அதற்காகக் கிடைத்த கேடயம் ஒன்று சுவரில் தொங்கியது. இப்படி இருந்த இடத்துக்குள் ஒரு மனிதர் வந்து, தன்னிடம் விமானம் ஒன்று இருக்கிறது என்றும், அதில் ஒரு குறையும் இருக்கிறது என்றும் சொன்னார். உதவிப் பணிப்பாளர் கதிராமன் கதிரையை விட்டு எழுந்துவந்து ரிஷாத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: குறைகள் உண்டா? முன்சில்லு ஆடுகிறது, நட்டை அரைச் சுற்று இறுக்கினால் நிற்கும் என்று ரிஷாத் எழுதினார். பதினோராவது கேள்வி: வானூர்தியின் நிறை. முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். விமானத்தை அவர் நிறை பார்த்தது தோப்பூர் நெல்லு மில்லின் தராசு மேடையில். அங்கே நெல் ஏற்றிய டிறக்டர் மேடைக்கு வந்தால் ஓட்டுகிறவர் இறங்குவதில்லை. மூட்டையோடு ஒருதரம், மூட்டையை இறக்கிவிட்டு ஒருதரம் நிறை பார்ப்பார்கள். இரண்டு தரமும் அவர் இருக்கையிலேயே இருப்பதால், கழிக்கும்போது அவர் தானாகக் கழிந்துபோவார். இடையில் இறங்குகிறவனைத்தான் மில்லில் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். ரிஷாத்தும் அந்தப் பழக்கத்தில் இருக்கையில் இருந்தபடியே விமானத்தை நிறை பார்த்தார். விமானம் ஒருதரம்தான் மேடையில் ஏறுகிறது, தன்னைக் கழிக்க இன்னொரு தரம் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, மில்லுக்காரருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை சபை லொறி அனுப்பி விமானத்தைக் கந்தோர் முற்றத்துக்கு எடுப்பித்தது. முதல் வேலையாக, சான்று கெட்டுப்போகாமல் இருக்க முன்சில்லின் நட்டுக்குக் கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தார்கள். அவர்கள் முத்திரை வைத்தது சில்லின் அச்சில் பளபளவென்று இருந்த பெரிய நட்டுக்கு. ஆட்டத்துக்குக் காரணமான நட் மேலே தண்டின் தலையில் ஒதுங்கியிருந்தது. அது இதில்லை என்று ரிஷாத் சொல்ல வாயெடுத்தார். பொதுமக்கள் ஆலோசனை வழங்குவதற்குத் தனிப் படிவம் உண்டு, அது அச்சுக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது.

அடுத்தது நிறை. சபையின் தராசில் விமானம் இருநூற்று நாற்பது கிலோ காட்டியது.

"எழுபத்திரண்டு கிலோ எங்கே?" என்று கதிராமன் கேட்டார். "இது உங்கட கையெழுத்துத்தானே? குறை அறிவிச்ச பிறகு வானூர்தியில இருந்து எதையும் கழட்டக்கூடாது. சட்டப்படி ரெண்டு வருஷ மறியல், கம்பி எண்ணவேணும். கழட்டின பாகத்தை எங்க வைச்சிருக்கிறீங்கள்?"

"சேர், அது நான்தான்," என்றார் ரிஷாத். "நான் ஏறி இருந்துகொண்டு நிறை பார்த்தனான்."

நிரூபித்துவிட்டால் முடிந்துவிடும் என்று நம்பி, செருப்பைக் கழற்றாமல் அப்படியே ஏறி இருக்கையில் இருந்தார். முள் முந்நூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினாலு பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். தன் கதையை நம்பிவிட்டார்கள் என்று ரிஷாத்தும் பெருமூச்சு விட்டார். அவர்கள் பெருமூச்சு விட்டது காணாமல்போன பாகம் கிடைத்துவிட்டது என்று.

எழுதுவினைஞர் துசானி பதிவேட்டைத் திறந்து பதிந்தாள். பாக இலக்கம்: எழுபத்திரண்டு. பெயர்: ரிஷாத். நிலை: பாவித்தது, இயங்குகிறது. இருக்கைப் பட்டியின் கொக்கிக்கு ஒரு ஈய முத்திரை வைத்தார்கள். சேட்டுப் பொத்தானில் எழுபத்திரண்டு என்று இலக்கமிட்ட தகரத் துண்டு ஒன்றைக் கம்பியால் கட்டி, அதற்கும் ஒரு முத்திரை வைத்தார்கள்.

நிறையைத் திருத்தி எழுதினால் என்ன என்று ரிஷாத் கேட்டார். அன்றைக்கு அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கவலை மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மகள் அம்ராவின் நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுக்க வேண்டியவர் அவர்.

"திருத்தலாம், ஆருமே ஏலாதெண்டு சொல்லயில்லை," என்றார் கதிராமன் அன்போடு. "ஆனால் குறை விசாரணை நடக்கேக்க பதிவேட்டில கைவைக்க ஏலாது. விசாரணை முடியிறதெண்டா சில்லு ஆடுறதை நாங்கள் கண்ணால பார்க்கவேணும். குறையுள்ள சில்லை ஓட விட எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப நட்டை இறுக்கிவிட்டு ஓட விடுங்களன், சேர்."

"இறுக்கினா குறை இல்லாமல் போயிடும். பிறகு நாங்கள் எதை விசாரிக்கிறது? ரெண்டு நிமிஷத்தில முடியும் எண்டு நீங்கள் சொல்லுறது லேசு, மிஸ்டர் ரிஷாத். இந்தக் கந்தோரில பதினாலு குடும்பம் சாப்பிடுது. ஆறு வருஷமாகக் காத்திருந்து எங்களுக்கு ஒரு குறை கிடைச்சிருக்கு. அதை ரெண்டு நிமிஷத்தில பறிக்கப் பார்க்கிறீங்கள்."

ரிஷாத்துக்குத் தான் ஏதோ பெரிய அநியாயம் செய்துவிட்ட மாதிரி வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டார்.

காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலேகால் வரை இருக்கையில். அதன் பிறகு களஞ்சிய அறையில், தட்டில் மற்ற உதிரிப்பாகங்களுக்கு ஒதுக்கிய வரிசைக்குக் கீழே ஒரு பாய். ஆறு வருடமாக அந்தத் தட்டுகளில் ஒரு பாகமும் இருந்ததில்லை என்பதால் களஞ்சியப் பொறுப்பாளர் அவரை மிகவும் மரியாதையாகத் துடைத்து வைத்தார். ஒரு நாளில் மூன்று தரம் திரவம் வெளியேற்றக் காவலோடு கூட்டிப் போனார்கள். தொழுகைக்குத் தடையில்லை, பாகம் குனிந்து நிமிர்வதால் கேடில்லை என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் குறிப்பு எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பராமரிப்பு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஸ்குரூ டிறைவரின் பிடியால் அவருடைய முழங்காலைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வானூர்திப் பாகங்களுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கைநூலில் இருந்தது. கந்தோரில் இருந்த எண்ணெய் ஆமணக்கெண்ணெய்தான். குடிப்பித்தார்கள். மறுநாள் காலை நிறை பார்த்தபோது எண்ணூறு கிராம் குறைந்திருந்தது. பாகம் தேய்கிறது என்று கதிராமனுக்கு வியர்த்து ஒழுகியது. உடனே பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும் வரவழைத்து, முள் பழைய இடத்துக்கு வரும்வரை ஊட்டினார்கள். நாலு நாளும் அவருக்குக் கிடைத்த சாப்பாடு கூடுதலாக அதுதான். பசியை விட, எதைச் சொன்னாலும் ஒருவரும் கோபிக்காததுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபித்தால் சண்டை பிடிக்கலாம்.

புதன்கிழமை குறை விசாரணையின் அங்குரார்ப்பண விழா. தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் வந்து குத்துவிளக்கு ஏற்றினார்கள். முன்சில்லுக்குக் குறுக்கே கட்டிய சிவப்பு நாடாவை வெட்டினார்கள். முன்னைய நிர்வாகங்களின் காலத்தில் இந்த மாவட்டத்தில் ஒரு வானூர்திக் குறைகூட இருக்கவில்லை, இன்று நாங்கள் ஒன்றை உருவாக்கிக் காட்டியிருக்கிறோம், அடுத்த வருடம் இதை மூன்றாக உயர்த்துவதே இலக்கு என்று கதிராமன் தலைமையுரையில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதைக்காக ரிஷாத்தும் கைதட்டப் போனார். முத்திரை வைத்த பாகம் அசையக்கூடாது என்று பக்கத்தில் நின்றவர் மெதுவாகக் கையை இறக்கிவிட்டார். நன்றியுரையில் எழுபத்திரண்டாம் இலக்கப் பாகத்துக்கும் நன்றி சொல்லப்பட்டது.

வியாழக்கிழமை றம்லா வந்தாள். ரிஷாத்தின் மனைவி. இருபத்துமூன்று வருடம் அவருடைய பட்டறையில் எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தவள். புருஷனைப் பார்த்தாள், சேட்டில் தொங்கிய தகரத்தைப் பார்த்தாள், அழவில்லை. நேரே கதிராமனிடம் போய், நாளைக்கு மகளின் நிக்காஹ், இவரை விடுங்கள் என்று கேட்டாள். ஆட்களைக் கந்தோரிலிருந்து விடுவிக்கத் தங்களிடம் படிவம் இல்லை, ஏனென்றால் ஆட்களைப் பிடித்துவைக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கதிராமன் விளக்கினார். வேறு யாராவது பொறுப்பு நின்று ஒப்புக்கொடுத்தால் ஆகாதா என்றும் கேட்டார்.

"வாப்பா உசிரோட இரிக்கக்குள்ள, பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து குந்திக்கொண்டு இரிக்கக்குள்ள, அவட கையை வேற ஒராள் பிடிச்சுக் குடுக்கிறதா, சேர்?" என்றாள் றம்லா. "அவ ஒத்துக்கொள்ள மாட்டா. நானும் ஒத்துக்கொள்ள மாட்டன்."

துசானி பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், பாகங்களைத் தற்காலிகமாக வெளியில் கொடுக்கப் படிவம் பதினேழு இருக்குது அக்கா என்றாள். கதிராமனின் முகம் மலர்ந்தது. அதுவரை அவரும் மனதுக்குள் கஷ்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தார், வழிதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு றம்லா புதுச் சாரமும் சேட்டும் வைத்த பையோடு வந்து படிவம் பதினேழை நிரப்பினாள். பெற்றுக்கொள்பவர்: றம்லா. நோக்கம்: மகளின் நிக்காஹ். பெற்ற நிலையிலேயே பின்னேரம் நாலு மணிக்கு முன் திருப்பித் தருவேன். கையெழுத்து வைத்தாள். இறப்பர் முத்திரை குத்தப் போனபோது மைத்தட்டு காய்ந்திருந்தது. ஆறு வருடமாக அவர்கள் குத்தியதெல்லாம் 'இல்லை' என்ற முத்திரை. 'அனுமதிக்கப்பட்டது' என்பது வேறு தட்டு. அதற்கு மை தேடிப் பதினாலு பேரும் காவல்காரரோடு சேர்ந்து உள்ளே போனார்கள்.

முற்றத்தில் இவர்கள் இருவரும் மட்டும். றம்லா நாலுபுறமும் பார்த்தாள். பையில் சாரத்துக்கு நடுவே கையை விட்டுச் சாவியை எடுத்தாள். எந்த நட் என்று கேட்கவில்லை. குந்தியிருந்து, தண்டின் தலையில் இருந்த நட்டை அரைச் சுற்று இறுக்கினாள். பிறகு பைக்குள் இருந்து வில்லுத் தராசையும் எடுத்துக் கவையில் கொளுவிப் பக்கவாட்டில் இழுத்தாள்.

"பத்து," என்றாள்.

இருக்கையில் கட்டுண்டிருந்த ரிஷாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நாலு நாளில் முதல்தரம் அவருக்கு அழுகை வந்தது. உள்ளேயிருந்து மையோடு எல்லோரும் திரும்பிவரும் சத்தம் கேட்டதால் அதை அடக்கிக்கொண்டார்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பாகத்துக்குப் பாதுகாப்பாகத் துசானி பதிவேட்டோடு கூடவே வந்திருந்தாள். புதுச் சேட்டிலும் எழுபத்திரண்டு தொங்கியது, துசானியே அதை மாற்றிக் கட்டிப் புது முத்திரை வைத்திருந்தாள். படம் எடுக்கிறவர் அதைக் கழற்றச் சொன்னார், துசானி ஏலாது என்றாள். எல்லாப் படத்திலும் அது இருக்கிறது. ரிஷாத் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுத்தார். அம்ரா முக்காட்டுக்குள்ளிருந்து வாப்பாவின் நெஞ்சில் இருந்த தகரத்தைப் பார்த்தாள்.

"இதை எப்ப கழட்டுவாங்க, வாப்பா?"

"இண்டைக்குப் பின்னேரம் எல்லாம் முடிஞ்சிரும், மகள்," என்றார். அப்படித்தான் அவர் நம்பினார். சில்லு இனி ஆடாது. ஆடாத சில்லை வைத்து என்ன விசாரணை?

அந்த நிம்மதியில் சஹனில் உட்கார்ந்தார். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற புரியாணியில் நாலு நாள் பிஸ்கட்டின் பசியைத் தீர்த்தார். கோழியை ஒருவர் அவர் பக்கம் தள்ளினார், இன்னொருவர் இறைச்சியைத் தள்ளினார். வட்டிலாப்பம் இரண்டு தரம் வந்தது. பொம்பிளைகள் பக்கத்துச் சஹனில் துசானியும் இருந்து சாப்பிட்டாள். எழும்பும்போது மணி மூன்று.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க றம்லா பாகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தராசில் ஏற்றினார்கள். முந்நூற்றுப் பதின்மூன்றரை.

கதிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றரைக் கிலோ கூட. அனுமதியின்றி மாற்றியமைக்கப்பட்ட பாகம் என்று அவர் சொல்லத் தொடங்கிய அந்த நேரத்தில் தலைமையகத்திலிருந்து தொலைநகல் வந்தது. குறையைக் கண்ணால் காண்பதற்காக வானூர்தியை ஒருமுறை இழுத்து ஓட்ட விசேட அனுமதி. கந்தோர் பிக்கப்பில் கயிற்றைக் கட்டி, ரிஷாத்தோடு சேர்த்துத் துறைமுக மதிலோரம் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் இழுத்தார்கள். பதினாலு பேரும் பக்கத்தில் ஓடிவந்து முன்சில்லையே பார்த்தார்கள். சில்லு ஆடவில்லை. நாற்பதில் இழுத்தார்கள், ஆடவில்லை. மதிலுக்கு அப்பால் ஒரு கப்பல் ஊதியது. ரிஷாத்துக்கு இருக்கைப் பட்டியை அறுத்துக்கொண்டு மேலே போய்விடலாம் போலிருந்தது.

கதிராமன் குனிந்து சில்லில் இருந்த ஈய முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"போன கிழமை முந்நூற்றுப் பன்னிரண்டு. சில்லு ஆடிச்சுது. இப்ப முந்நூற்றுப் பதின்மூண்டரை. ஆடயில்லை. நட்டில நாங்கள் வைச்ச முத்திரை அப்பிடியே இருக்குது. நீங்கள் நட், சாவி, அரைச் சுற்று எண்டு பாமரக் கதை கதைச்சீங்கள். எங்கட சபை ஒரு நட்டையும் தொடாமல், ஒன்றரைக் கிலோவால குறையைத் தீர்த்திருக்கு. இதை எல்லா மாவட்டத்துக்கும் சுற்றறிக்கையாக அனுப்பப் போறன்."

ரிஷாத் வாயைத் திறந்தார். வாசல் படலையில் றம்லா பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். பைக்குள் சாவி இருந்தது. இரண்டு வருட மறியல் என்று திங்கட்கிழமை கேட்டது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

துசானி ஒரு தாளை நீட்டினாள். இவ்வானூர்தியின் எந்த நட்டும் எவராலும் தொடப்படவில்லை என உறுதிப்படுத்துகிறேன். அவளும் ஒருமுறை படலைப் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று பதிவேட்டில் எதையோ தேடத் தொடங்கினாள். படிவங்களில் ஒருநாளும் பொய் எழுதாத ரிஷாத் கையெழுத்து வைத்தார்.

"நல்லது," என்றார் கதிராமன். "இனி ஒரு வருஷ அவதானிப்பு. அதுவரைக்கும் பாகத்தின்ர நிறை எழுபத்துமூண்டரையில நிக்கவேணும். குறைஞ்சா சில்லு ஆடும். வெள்ளிக்கு வெள்ளி ஒரு சஹன் குடுத்தனுப்பச் சொல்லி உங்கட வீட்டுக்காரிக்குக் கடிதம் போடுவம்."

ஒரு வருடம் என்ற சொல் ரிஷாத்தின் காதில் விழுந்தது. வயிறு நிறைய மகளின் கல்யாணச் சோறு. காலுக்கடியில் ஆடாத சில்லு. அவருடைய வலது முழங்கால் தன்பாட்டில் இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கியது. கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை.

கதிராமன் குனிந்து அந்த முழங்காலைப் பார்த்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு நிமிர்ந்து, ரிஷாத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் நாள் மாதிரியே அவருடைய கண் கலங்கியிருந்தது.

"துசானி," என்றார், "புதுப் படிவம் ஒண்டு எடுத்து ஒன்பதாவது கேள்வியை நிரப்புங்கோ. கம்பியும் ஈயமும் கொண்டுவரச் சொல்லுங்கோ."